புழுகும் பகிடியும் நொடியும்: வன்னியில் முசுப்பாத்தியாய்க் கதை சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் இலங்கையின் வடக்கே, வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சின்னக் குளத்தின் கீழ் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் சனசமூக நிலைய விறாந்தையில் பாய் விரித்துக் கதை சொல்லுகிறோம். பிள்ளைகள் வருவார்கள். அவர்களைக் கூட்டிப்போக வருகிற அம்மம்மாமாரும் கூட்டிப்போகாமல் இருந்துவிடுவார்கள். சொல்லுகிற கதைகளில் சிலவற்றை நான் கொப்பியில் எழுதி வைக்கிறேன். பக்கத்து ஊர் ஆசிரியர்கள், புதிதாய்ப் பெற்றோர் ஆனவர்கள், வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் என்று பலர் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாய்ச் சொல்லுவதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முசுப்பாத்திக் கதை என்று எதைச் சொல்லுகிறீர்கள்?

கேட்கிறவருக்குப் புத்தி சொல்ல வராத கதை. சந்தோசத்துக்காக மட்டும் சொல்லப்படுவது. பெருமீன் பிடித்த புழுகு, ஆனைக்குப் பயந்து மரத்தில் ஏறி அங்கே ஏற்கெனவே இருந்த குரங்கோடு சமரசம் பேசியவரின் கதை, கலியாண வீட்டில் பாயாச அண்டா காணாமல் போன கதை, இருட்டில் போடுகிற நொடி (விடுகதை), எல்லாம் இதற்குள் அடங்கும். நீதிக்கதைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை பள்ளிக்கூடத்தில் நிறையக் கிடைக்கின்றன, அவ்வளவுதான்.

புழுகு என்றால் பொய்தானே? பிள்ளைகளுக்குப் பொய் பேசப் பழக்குகிறீர்களா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன்.

என் அம்மப்பா ஊரறிந்த புழுகர். அதே அம்மப்பா நெல் அளக்கிறபோது ஒரு கொத்துக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. கூலிக்கு வருகிறவர்கள் தங்கள் கணக்கையே அவரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அவருடைய விரால் கதையை ஐந்தாறு தரம் கேட்ட பிறகுதான் விளங்கியது.

கதை இது. அவர் சொன்ன மாதிரியே தருகிறேன். "மாரி. குளம் வான் பாயுது. நான் வானடியிலை தூண்டில் போட்டிட்டு நிக்கிறன். ஒரு இழுவை எண்டால் இழுவை. காலை மண்ணுக்குள்ளை புதைச்சுக்கொண்டு இழுக்கிறன். ஒரு மாதிரிக் கரையிலை ஏத்திப் போட்டன். விரால். மூச்சு வாங்கித் திரும்பிப் பாக்கிறன், பாய்ஞ்சுகொண்டிருந்த வான் நிண்டு போச்சு."

குளங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வான் என்பது குளம் நிரம்பி மேலதிகத் தண்ணீர் வழிந்து போகிற இடம். வான் நின்றது என்றால் குளத்தின் மட்டம் இறங்கிவிட்டது. அந்த மீன் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு இருந்ததாம்.

இந்த இடத்தில் அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். கதை முடிந்துவிட்டது போல இருக்கும். அவசரப்பட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். யாராவது ஒரு பிள்ளை கேட்கும் வரைக்கும் பாக்கை வெட்டிக்கொண்டே இருப்பார்.

"அப்ப மீனை என்ன செய்தனீங்கள் அப்பு?"

"என்ன மோனை செய்யிறது? குளத்திலை தண்ணி நிண்டாத்தானே சிறுபோகம் செய்யலாம். ஊருக்காகத் திரும்ப விட்டிட்டன்."

ஒருநாள் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரர் ஒருவர், சிரிக்காமல், தலையை மெல்ல ஆட்டிச் சொன்னார்: "ஓமண்ணை, அண்டைக்கு விடியப்புறம் வான் திடீரெண்டு பாய்ஞ்சு என்ரை வரம்பை உடைச்சது. இவ்வளவு காலமும் காரணம் தெரியாமல் இருந்தனான். இப்ப சொல்லுங்கோ, நட்டஈடு ஆர் தாறது?"

அம்மப்பாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. எழும்பிப் போய்த் தன் கையாலேயே அவருக்கு வெற்றிலை கொடுத்தார்.

பொய் சொல்லுகிறவருக்கு மற்றவர் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் அவருக்கு வேலை நடக்காது. புழுகுக்கு அது வேண்டியதில்லை. சொல்லுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், இரண்டு பேரும் தெரிந்துகொண்டே ஒரே வண்டியில் ஏறுகிறார்கள். வயல்காரர் "பொய் சொல்லாதையுங்கோ" என்று சொல்லியிருந்தால் வண்டி அந்த இடத்திலேயே குடை சாய்ந்திருக்கும். அவர் ஏறிக்கொண்டார். ஏறினது மட்டுமில்லை, இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டிக்கொண்டும் போனார். பிள்ளைகளுக்கு நான் பழக்க விரும்புவது அந்த வயல்காரரின் வேலையைத்தான்.

"ம்" கொட்டாவிட்டால் கதை சொல்ல மாட்டோம் என்கிறீர்களாமே?

ஓம். அது எங்கள் விறாந்தையின் முதற் சட்டம். கதை சொல்லும்போது ஒருவராவது "ம்" கொட்ட வேண்டும். பழைய ஆட்கள் எல்லோரும் இதைக் கேட்டு வாங்குவார்கள். "ம்" வராவிட்டால் "நித்திரையோ?" என்று நிறுத்திவிடுவார்கள்.

கதையில் பாதி கேட்கிறவருடையது என்பது என் உறுதியான எண்ணம். கோயில்களிலும் இந்த வழக்கம் இருக்கிறது. கந்தபுராணம் படிக்கிறபோது ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார். தனியே ஒருவர் படித்துவிட்டுப் போவதில்லை. அதே ஏற்பாட்டின் சின்ன வடிவம்தான் "ம்". எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பேசவே கூச்சப்படுகிற ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அவள் ஏழெட்டு மாதமாய் "ம்" மட்டுமே சொன்னாள். ஆனால் அவள் "ம்" கொட்டுகிற நாளில் கதை நன்றாய் வரும் என்று சொல்லுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் நீட்ட வேண்டும், எந்த இடத்தில் பயந்து சுருக்க வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஒரு கணக்கு.

எந்த இடம், எந்த நேரம் கதைக்கு நல்லது?

கையும் காலும் வேலையில் இருந்து, வாய் சும்மா இருக்கிற நேரம். முந்தி வயல் காவல் கொட்டிலில் இரவிரவாய்ப் பன்றிக்குக் காவல் இருப்பார்கள். விழித்திருக்க வேண்டும், செய்ய வேறு ஒன்றும் இல்லை. சூடு மிதிக்கிற, அதாவது நெற்கதிரை மாடு விட்டு மிதிக்கிற, களமும் அப்படித்தான். மாடுகள் சுற்றிக்கொண்டே இருக்கும், கதையும் சுற்றிக்கொண்டே இருக்கும். வன்னி நாட்டார் பாடல்களில் குருவிப் பள்ளு, பண்டிப் பள்ளு என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பண்டி என்றால் பன்றி. பயிரை அழிக்க வருகிற குருவிக்கும் பன்றிக்கும்கூடப் பள்ளுப் பாடி வைத்திருக்கிறார்கள் என்றால், அது காவலிருந்து காவலிருந்து அவற்றோடு உறவாகிப் போனவர்களின் வேலை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இப்போது அறுவடையை மெசின் முடித்துவிடுகிறது. பரவாயில்லை. கச்சான் உடைக்கிறபோது, மிளகாய்க் காம்பு கிள்ளுகிறபோது, ஆஸ்பத்திரியில் நம்பர் வரும் வரைக்கும் வாங்கில் இருக்கிறபோது சொல்லலாம். கலியாண வீட்டுக்கு முதல்நாள் இரவு மரக்கறி வெட்டுகிற கூட்டத்துக்கு இணையான மேடை இன்றைக்கும் கிடையாது.

மின்சாரம் இல்லாத காலத்தில் கதை அதிகமாய் இருந்ததா?

இருந்தது. 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து அளவாய் எண்ணெய் விட்டு ஒரு சின்ன விளக்கு எரிப்போம். படிக்கிற பிள்ளைக்குத்தான் அந்த வெளிச்சம். படிப்பு முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். றேடியோ கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து கரண்ட் எடுப்போம். செய்தி முடிய, சுற்றினவரின் கை ஓய்ந்துபோகும். அதற்குப் பிறகு இருக்கிற இருட்டில் கதை மட்டும்தான்.

அந்தக் காலத்தை நல்ல காலம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தில்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும். கரண்ட் இருக்கட்டும், விளக்கும் இருக்கட்டும், கதையும் இருக்கட்டும்.

இவ்வளவு இழப்பைக் கண்ட இடத்தில் சிரித்துக் கதை சொல்லுவது சரியா?

இதை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். நானும் எனக்குள் பலதரம் கேட்டிருக்கிறேன்.

2009இல், போர் முடிந்தபோது, செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தோம். தண்ணீர் பவுசர் வரும் நேரம் நிச்சயமில்லை. ஆள் நின்றால் வெயிலில் விழுந்துவிடுவோம் என்பதால் வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுக் கூடார நிழலில் இருப்போம். நூறு, நூற்றைம்பது வாளிகள். எங்கள் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு அக்கா இருந்தார். அவருக்கு என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அவர் யாருடனும் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் அவருக்குப் பக்கத்தில் இருந்து சிணுங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னவனிடம், வரிசையைக் காட்டி, "அந்தச் சிவப்பு வாளியைப் பார். ஒவ்வொரு நாளும் அந்த நீல வாளிக்குப் பக்கத்திலைதான் போய் நிக்குது. ஏதோ விசயம் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான் தொடக்கம். அடுத்த நாள் பிள்ளைகள் ஓடிப்போய் அந்த இரண்டு வாளியும் எங்கே என்று தேடினார்கள். சிவப்பு வாளி மூன்று வாளி தள்ளி நின்றது. "கோபம்" என்றார் அக்கா. கைப்பிடி உடைந்த ஒரு பழைய பெயின்ற் வாளி தரகராகப் போனது. சீதனம் பேசினார்கள், ஒரு பேணியும் அரைப் போத்தல் தண்ணீரும். ஒரு கிழமை கழித்து, உண்மையாகவே, பிள்ளைகள் இரண்டு வாளிக்கும் காய்ந்த புல்லில் மாலை கட்டிப் போட்டார்கள். வாளிக்காரர்கள் இரண்டு பேரும் சம்பந்திகளாகப் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் அன்றைக்கும் பிந்தித்தான் வந்தது.

அந்தக் கூடாரங்களில் அழுகை நிற்கவில்லை. இரவில் அந்த அக்காவும் அழுதார், எனக்குக் கேட்டது. கதை துக்கத்தை ஆற்றும் என்று பெரிதாய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பகலில் அந்தப் பிள்ளைகளுக்குப் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது. அடுத்த நாள் என்ன நடக்கும் என்று கேட்க ஒரு காரணம் இருந்தது. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மாலை கட்டின பிள்ளைகளில் ஒருத்தி இப்போது கிளிநொச்சிப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. வாளிக் கலியாணத்தை அவள் தன் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறாள். எந்த இடத்து வாளி என்று மட்டும் சொல்லுவதில்லையாம். அது அவளுடைய முடிவு, சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

செத்தவீட்டில்?

எட்டுச் செலவு (எட்டாம் நாள் சடங்கு) முடிந்து, நெருங்கின உறவுகள் மட்டும் இருக்கிறபோது, போனவர் செய்த முசுப்பாத்தி ஒன்றை அவருடைய பிள்ளைகளில் ஒருவர் தொடங்கினால் சேர்ந்துகொள்ளுங்கள். நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

கோயில் கதைகளையும் விளையாட்டாய்ச் சொல்லலாமா? குற்றமில்லையா?

எங்கள் கோயில் கதைகளுக்குள்ளேயே விளையாட்டு இருக்கிறது. வற்றாப்பளை அம்மனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி ஒவ்வோர் இடமாய்த் தங்கி, பத்தாவதாய் வந்து தங்கின இடம் இது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனது என்று சொல்லுவார்கள். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்க்கிற பெடியங்களிடம் ஒரு கிழவியாய் வந்தாளாம். பசிக்கிறது, பொங்கித் தாருங்கள் என்றாளாம். பொங்கினார்கள். பொழுதுபட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்தண்ணீரை விட்டு ஏற்றுங்கோ பிள்ளையள் என்றாள். எரிந்தது. பிறகு, தலை கடிக்கிறது, பேன் பாருங்கோ என்று தலையைக் குனிந்தாளாம். பெடியங்கள் மயிரை விலக்கிப் பார்த்தால், தலை முழுக்கக் கண்கள்.

ஒரு நகரத்தையே எரித்தவள் மாட்டுப் பெடியங்களிடம் பேன் பார்க்கச் சொல்லுகிறாள்! இதைச் சொல்லுகிறபோது எங்கள் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், கண் என்ற சொல் வந்ததும் அப்படியே அடங்கிப்போவார்கள். சிரிப்புக்கும் பக்திக்கும் இடையில் ஒரு மயிரிழை தூரம்கூட அங்கே இல்லை. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்தண்ணீர் எடுத்து, முதலில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரிகிறது, பிறகு வற்றாப்பளையில். கதையைக் கேட்ட பிள்ளை அந்த விளக்கைப் பார்க்கிற பார்வையே வேறு.

ஆகவே, சொல்லலாம். தெய்வத்தைச் சின்னதாக்கிச் சிரிக்க வைக்க வேண்டாம். தெய்வம் எங்களோடு விளையாட வந்த இடத்தைச் சொல்லுங்கள், போதும்.

எதைப் பற்றிப் புழுகக் கூடாது?

மூன்று விசயத்தில் எங்கள் விறாந்தையில் புழுகே கிடையாது: மிதிவெடி, ஆனை நிற்கிற இடம், தண்ணீரின் ஆழம்.

மீள்குடியேறின காலத்தில் காணிகளில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நட்டிருந்தன. ஒரு பிள்ளை "பத்தைக்குள்ளை இரும்பு மாதிரி ஒண்டு கண்டனான்" என்று வந்து சொன்னால், அது புழுகாய் இருக்குமோ என்று ஒரு கணம்கூட யோசிக்க இடம் இருக்கக் கூடாது. விளையாட்டுக்கும் மெய்யான எச்சரிக்கைக்கும் வேறு வேறு குரல் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் இதனால்தான் பழகுகிறார்கள். ஆனை பற்றிக் கதை உண்டு, "ரோட்டிலை ஆனை நிக்குது" என்ற பகிடி கிடையாது.

யாரை வைத்துப் பகிடி பண்ணலாம்?

விறாந்தையில் இருக்கிறவரை, அவருடைய முகத்துக்கு நேரே, அவரும் திருப்பிக் கொடுக்கக்கூடிய விசயத்தில். இல்லாதவரை வைத்துச் செய்தால் அது புறணி. ஒருவருடைய காலை, கண்ணை, திக்குவாயைத் தொடக் கூடாது. எங்கள் ஊர்களில் அவயவம் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். சாதியைத் தொடுகிற பகிடி ஒன்றையும் நாங்கள் அனுமதிப்பதில்லை. அப்படிப்பட்ட பழைய பகிடிகள் நிறையக் கிடக்கின்றன. சில பெரியவர்கள் "அது அந்தக் காலத்துக் கதை" என்று தொடங்குவார்கள். மரியாதையாக, ஆனால் உடனே, நிறுத்திவிடுவோம். முதல் தரம் நிறுத்தினபோது ஒருவர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்தார், வேறு கதையோடு.

பட்டப்பெயர்? அந்த ஆளே அந்தப் பெயரால் தன்னைச் சொல்லிக்கொண்டால் மட்டும்.

எனக்குச் சொல்லக் கதை ஒன்றும் இல்லையே?

நீங்கள் இருக்கிற ஊரின் பெயரே ஒரு கதைதான். ஒட்டுசுட்டானில் ஒருவர் காடு வெட்டிக் குரக்கன் விதைத்து, அறுத்த பிறகு மிஞ்சின ஒட்டுக்கு நெருப்பு வைத்தாராம். ஒரு இடம் மட்டும் எரியவேயில்லை. வெட்டிப் பார்த்தால் மண்வெட்டியில் இரத்தம், உள்ளே சிவலிங்கம். தான்தோன்றீஸ்வரர் கோயில் அப்படி வந்தது, ஒட்டுச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான் ஆனது என்பார்கள். குமுழமுனைக்குப் போனால் வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை ஆனை பிடித்த கதை இருக்கிறது. அதை ஒப்பாரியாய்ப் பாடியே வைத்திருந்தார்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நின்று கும்பிடாமல் போன வாகனங்களுக்கு என்ன நடந்தது என்று யாழ்ப்பாண வீதியில் ஓடின எந்தச் சாரதியைக் கேட்டாலும் ஆளுக்கு இரண்டு கதை வைத்திருப்பார், கச்சான் வாங்கிக் கொடுத்தால் மூன்று.

இதெல்லாம் பெரிய கதைகள் என்று தோன்றினால், இன்றைக்கு வீட்டில் காணாமல் போன ஒரு பொருளைப் பற்றித் தொடங்குங்கள். அகப்பை ஏன் வீட்டைவிட்டுப் போனது? யாரோடு கோபம்? மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நொடி போடுவது எப்படி?

இருட்டினதும் போடுங்கள், விடையை உடனே சொல்லாதீர்கள். "ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவர் கண்பட்டு உடைந்த மண்டபம்" என்று போட்டால் வன்னிப் பிள்ளை காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு தேன்கூடு என்று சொல்லிவிடும். தெரியாதவருக்கு ஒரு இரவு கொடுங்கள். காலையில் பல் தீட்டாமல் ஓடிவந்து விடை சொல்லுகிற முகத்தைப் பார்க்கிற பாக்கியம் உங்களுக்குத்தான்.

கதையை எழுதி வைக்கும்போது பேச்சுத்தமிழில் எழுதுவதா, எழுத்துத்தமிழிலா?

நான் சொல்லுகிற பகுதியை எழுத்துத்தமிழிலும், ஆட்கள் பேசுகிற இடங்களை எங்கள் பேச்சிலும் எழுதுகிறேன். "வான் நின்றுவிட்டது" என்று எழுதினால் செய்தி. "வான் நிண்டு போச்சு" என்றால் அம்மப்பா வந்துவிடுவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு ஒன்று. எழுதுகிறபோது "ம்" கொட்ட யாரும் இல்லை. தனியே இருந்து எழுதின என்னுடைய முதல் ஐந்தாறு கதைகளை இப்போது வாசித்தால் விறகு மாதிரி இருக்கின்றன. எல்லாவற்றையும் நானே விளக்கியிருக்கிறேன். சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னரே சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு வழி பிடிபட்டது. ஒரு ஆளை மனதில் முன்னால் இருத்திக்கொண்டு எழுதுவது. எனக்கு அது அந்த "ம்" கொட்டுகிற பெண்பிள்ளை. அவள் இந்த இடத்தில் என்ன கேட்பாள் என்று நினைத்து, அந்தக் கேள்விக்கு இடம் விட்டு எழுதுவேன். விரால் கதையை எழுதுகிறபோது பக்கத்து வயல்காரரையும் சேர்த்து எழுதியதால்தான் அது கதையாய் நின்றது. மீனை மட்டும் எழுதியிருந்தால் வெறும் புழுகாய்ப் போயிருக்கும். எழுதி முடித்ததும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் தேத்தண்ணியை எடுத்துக் குடிக்கிற இடம் எது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் கதை தொய்கிறது.

ஊர் ஆட்களைப் பற்றி எழுதினால் கோபிக்க மாட்டார்களா?

முதலில் அவர்களுக்கே வாசித்துக் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன். இதுவரை கோபித்தவர்களில் அதிகம் பேர், தங்கள் கதையை ஏன் இன்னும் எழுதவில்லை என்று கோபித்தவர்கள்.

நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஊர்க்கதை விளங்குமா?

குளத்தைக் காணாத பிள்ளைக்கு வான் விளங்காது. ஆனால் குளிக்கிற தொட்டியில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, பிள்ளையை உள்ளே இருத்துங்கள். வழியும். வெளியே தூக்குங்கள். நிற்கும். பிறகு விரால் கதையைச் சொல்லுங்கள்! என் மச்சாள் அங்கே இதைத்தான் செய்தாள். குளியலறை வெள்ளமாகி, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்களாம். இப்போது அந்தப் பிள்ளையின் கதையில் விராலைத் திரும்ப விட்டதும் கீழ்வீட்டுக்காரர்தான் வந்து நட்டஈடு கேட்கிறார். அம்மப்பா இருந்திருந்தால் எழும்பிப் போய் வெற்றிலை கொடுத்திருப்பார்.

வாட்ஸ்அப்பில் குரலாய் அனுப்புங்கள் என்று கேட்கிறீர்கள், அனுப்புகிறோம். ஒரு வேண்டுகோள்: கேட்டு முடித்ததும் பிள்ளையின் "ம்"மைப் பதிந்து திருப்பி அனுப்புங்கள். சொன்ன அம்மம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறா.

பிள்ளை தானாகக் கதை விடத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும்?

"உண்மையா?" என்று கேட்காதீர்கள். "பிறகு?" என்று கேளுங்கள். மேலே சொன்ன மூன்று விசயமும் இதற்கு விலக்கு.

சனிக்கிழமை நாங்களும் வரலாமா?

வாருங்கள். ஐந்து மணிக்குத் தொடங்கும். பொழுதுபட்ட பிறகு குளக்கட்டு வழியாய்த் திரும்பிப் போக வேண்டாம், அந்தப் பக்கம் ஆனை நடமாட்டம் இருக்கிறது. பெரிய ரோட்டால் போங்கள், ரோச் லைட் கொண்டுவாருங்கள். முறிகண்டியால் வருகிறவர்கள் கச்சான் வாங்கி வந்தால் சந்தோசம். பாயில் எங்கேயும் இருக்கலாம், தூணோடு இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது எங்கள் பெரியம்மாவின் இடம். போன கிழமை அவ பாலைப்பழம் பிடுங்கப் போன கதையை, தான் ஒரு கொப்பிலும் கரடி மற்றக் கொப்பிலுமாய் இருக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, மாட்டைக் கட்ட வேண்டும் என்று எழும்பிப் போய்விட்டா.